'போடா'வுக்கும் 'பையா'வுக்கும் நடுவில் ஒரு பனியன் கம்பெனி!

2020 செப்டம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா மக்களே? பாதிப் பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த காலம். யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் சேர்ந்து நிற்கும் ஒரு போட்டோ திடீரென எல்லார் போனிலும் வந்து விழுந்தது. சிரிஷ் போட்டிருந்த டி-ஷர்ட்டில் 'இந்தி தெரியாது போடா'. யுவன் டி-ஷர்ட்டில் ஆங்கில எழுத்தில் 'ஐ யாம் எ', நடுவில் தமிழ் எழுத்தில் 'தமிழ் பேசும்', மறுபடியும் ஆங்கில எழுத்தில் 'இண்டியன்'.

அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட் 9-ம் தேதி, சென்னை விமான நிலையத்தில் நடந்ததை கனிமொழி எம்.பி ட்விட்டரில் எழுதியிருந்தார். 'எனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள்' என்று சொன்னதற்கு, 'நீங்கள் இந்தியர்தானா' என்று ஒரு சி.ஐ.எஸ்.எஃப் அதிகாரி கேட்டாராம். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். 1937-லும் 1965-லும் ஊர்வலமாகப் போன கோபம், 2020-ல் ஊரடங்கு காரணமாகவோ என்னவோ பனியனில் ஏறிக்கொண்டது. ஹேஷ்டேக் தேசிய அளவில் டிரெண்ட் ஆனது. சாந்தனு, ஐஸ்வர்யா ராஜேஷ் என்று அடுத்தடுத்து ஆள்கள் போட்டுக்கொண்டு போஸ் கொடுத்தார்கள்.

டி-ஷர்ட் வைரல் ஆனால் ஆர்டர் எங்கே வரும்? நம்ம ஊருக்குத்தான். திருப்பூரில் அந்த மாதம் அந்த வாசகத்தைக் கேட்டு ஆர்டர்கள் வந்தன. ஏற்றுமதி ஆர்டர் எல்லாம் சுணங்கிக்கிடந்த நேரத்தில் 'போடா' கொஞ்ச நாள் சோறு போட்டது.

எனக்கு அந்த இரண்டு டி-ஷர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் பிடிக்கும். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்வது மாதிரி தெரிந்தாலும் நகைச்சுவை வேலை செய்யும் விதம் வேறு.

முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்தி தெரியாது போடா' என்பது யாரைப் பார்த்துச் சொல்வது? தமிழ் தெரியாத ஒருவரை. ஆனால் அது தமிழில் இருக்கிறது. அவரால் அதைப் படிக்கவே முடியாது! பெறுநருக்குப் படிக்கத் தெரியாத கடிதம் அது. படித்துச் சிரித்ததெல்லாம் பக்கத்து வீட்டுத் தமிழர்கள்தான். நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்கிற சிரிப்பு. அதில் தப்பில்லை. ஆனால் அதன் எல்லை அவ்வளவுதான்.

யுவன் டி-ஷர்ட் வேறு ரகம். தமிழ் தெரியாதவர் அதைப் படிக்க ஆரம்பிக்கலாம். 'நான் ஒரு…' வரைக்கும் வருவார். அப்புறம் என்னவோ சுழிசுழியாக இருக்கும். கடைசியில் 'இந்தியன்' என்று முடியும். அவருக்குப் புரியாத அந்தச் சுழிகள்தான் விஷயமே. உனக்குப் புரியாத ஒரு பகுதி என்னிடம் இருக்கிறது, அதோடு சேர்த்துத்தான் நான் இந்தியன் என்று அது படிக்க முடியாததன் மூலமே சொல்கிறது. முழுக்க ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சாதாரண கோஷம். முழுக்கத் தமிழில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். இரண்டு எழுத்தையும் ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரிகிற மாதிரி விட்டதால்தான் அது கிண்டல்.

ஒட்டு தெரிய வேண்டும் என்பது இந்த வகை நகைச்சுவையின் முதல் விதி. எங்க ஊர் செக்கிங் டேபிளில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அங்கே தையல் கோணலாக வெளியே தெரிந்தால் அந்த பீஸ் ரிஜெக்ட். காமெடியில் அதே பீஸ்தான் ஃபர்ஸ்ட் குவாலிட்டி.

இந்த விஷயத்தை நம் ஆள்கள் எப்போதோ பெயர் வைத்துப் பேசியிருக்கிறார்கள். தமிழும் வடமொழியும் கலந்த நடைக்கு மணிப்பிரவாளம் என்று பெயர். 'மணி' என்றால் என்ன என்பதில் இரண்டு கட்சி உண்டு. தமிழ்நாட்டில் அதை முத்து என்று சொல்வார்கள். முத்தையும் பவளத்தையும் கோத்தால் வெள்ளை தனியாக, சிவப்பு தனியாகத் தெரியும். கேரளத்தில் அதை மாணிக்கம் என்பார்கள். மாணிக்கமும் சிவப்பு, பவளமும் சிவப்பு. கோத்தால் எது எது என்று கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றிவிட வேண்டும். வைணவ உரையாசிரியர்கள் மணிப்பிரவாளத்தை பக்தியோடு, ரொம்ப சீரியஸாகத்தான் எழுதினார்கள், காமெடிக்கு இல்லை. ஆனால் காமெடிக்கு எந்த மாலை வேண்டும் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் முத்தும் பவளமும்தான்.

ஐரோப்பாவில் இதையே தொழிலாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் தியோஃபிலோ ஃபொலெங்கோ என்று ஒரு துறவி. 1517-ல் 'பால்துஸ்' என்று ஒரு காவியத்தை வெளியிட்டார். பார்த்தால் பெரிய லத்தீன் காப்பியம் மாதிரி இருக்கும். உள்ளே போனால் கிராமத்து இத்தாலியச் சொற்களுக்கு லத்தீன் விகுதியை மாட்டி உட்கார வைத்திருப்பார். வேட்டி கட்டிய ஆளுக்கு கோட்டு மாட்டிவிட்ட மாதிரி. லத்தீன் படித்தவர்களின் பந்தாவைக் கேலி செய்ய லத்தீனையே வாடகைக்கு எடுத்துக்கொண்டார். இந்த ரகக் கவிதைக்கு 'மெக்கரோனி' பாணி என்று பெயர். ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே மெக்கரோனிதான்! அந்தக் காலத்தில் அது மாவு, பாலாடைக்கட்டி, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த நாட்டுப்புறத்துச் சாப்பாடு. என் கவிதையும் அப்படி முரட்டுத்தனமாகத்தான் இருக்கும் என்று அவரே விளக்கம் கொடுத்திருக்கிறார்.

ஃபொலெங்கோ விகுதியை வைத்துச் செய்த வேலையை நாம் ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துச் செய்கிறோம். 'பண்ணு'. ஃபீல் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, ஃபார்வேர்டு பண்ணு. எந்த மொழிச் சொல்லாக இருந்தாலும் பின்னால் ஒரு 'பண்ணு' போட்டால் தமிழ் வாக்கியம் ஓட ஆரம்பித்துவிடும். இந்திக்காரர்களிடமும் இதே மாதிரி ஒரு மோட்டார் இருக்கிறது. அதன் பெயர் 'கரோ'. எங்க முதலிபாளையம் சிட்கோவில் எந்த கம்பெனி வாசலில் நின்றாலும் இந்த இரண்டு மோட்டாரும் ஓடுகிற சத்தம் கேட்கும். செக் பண்ணு, செக் கரோ. கட் பண்ணு, கட் கரோ. அயர்ன் பண்ணு, அயர்ன் கரோ. முன்னால் நிற்கிற ஆங்கிலச் சொல் இரண்டு பேருக்கும் பொது. பின்னால் வருகிறது மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அப்புறம் மதுரை, தேனி, தஞ்சாவூர் எல்லாம் ஒரே லைனில் உட்கார்ந்து தைப்பது இப்படித்தான் நடக்கிறது.

ஒரு சூப்பர்வைசர் அக்கா பேசுவதை ஒரு நாள் கேட்டேன். "பையா, ஓவர்லாக் மே நூல் அறுந்துட்டே ஜாத்தா ஹை, கொஞ்சம் பாத்து கரோ!" தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. 'அறுந்துட்டே ஜாத்தா ஹை' என்று ஒரு வினைமுற்றை எந்த இலக்கணப் புத்தகத்திலும் தேடாதீர்கள். ஆனால் அந்தப் பையன் டக்கென்று ஊசியை மாற்றினான். அக்கா ஜோக்கடிக்கவில்லை, வேலை வாங்கினார். சிரித்தது நான்தான். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் ஒட்டு தெரிகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அது துணி.

கொஞ்ச காலம் போனால் வெளியே இருப்பவர்களுக்கும் தெரியாது. எங்க ஊர் சொற்களே சாட்சி. 'காஜா' அடிக்கிறோம் இல்லையா, பட்டனுக்கு ஓட்டை? போர்ச்சுகீசிய மொழியில் 'காஸா' என்றால் வீடு. பட்டன் போய் உட்காரும் ஓட்டைக்கும் அதே பெயர்தான். அது இந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு நம்மிடம் காஜாவாக வந்தது. 'பொத்தான்' வந்ததும் போர்ச்சுகலிலிருந்துதான். சரி, 'பனியன்'? குஜராத்தியில் வியாபாரியைக் குறிக்கும் 'வாணியோ' என்ற சொல், போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் வாயில் 'பனியன்' ஆகி, அந்த வியாபாரிகள் போட்டிருந்த தளர்வான உடைக்குப் பெயராகி, கடைசியில் நம் உள்ளாடையில் வந்து முடிந்தது. ஆக, 'பனியனுக்குக் காஜா அடி' என்று சொன்னால் மூன்று நாலு நாட்டுக்காரர்கள் அந்த வாக்கியத்துக்குள் நிற்கிறார்கள். யாராவது சிரிக்கிறோமா? கிடையாது. ஒட்டு மறைந்துவிட்டது. ஜோக் காலாவதி ஆகி, சொல் மட்டும் மிச்சம்.

எந்த ஒட்டு மறைந்தது, எது மறையவில்லை என்பதை அரசாங்கம் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டில் ஒரு கதை உண்டு. 2006-ல் தமிழில் பெயர் வைக்கிற படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அறிவித்தார்கள். உடனே 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' படம் சம்திங்கைக் கழற்றிவிட்டு 'உனக்கும் எனக்கும்' ஆனது. 'ஜில்லுனு ஒரு காதல்' ஒரே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'எம்டன் மகன்'. 'எம் மகன்' ஆகிவிட்டான், பாவம்! எம்டன் ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுக் கம்பி நீட்டியது. அதிலிருந்து விவகாரமான ஆளை 'எம்டன்' என்று சொல்வது நம் பாட்டிமார் வரைக்கும் பழக்கம். ஜெர்மனிக்காரனுக்கே தெரியாத அர்த்தத்தில் அந்தச் சொல் இங்கே 90 வருடத்துக்கு மேல் குடியிருந்தது. வரி விலக்கு வந்து காலி செய்யச் சொல்லிவிட்டது.

மொழிகள் ஒரே மேடையில் சண்டை போடாமல் நிற்கவும் முடியும் என்று தஞ்சாவூரில் ஒரு ராஜா காட்டியிருக்கிறார். 1684-லிருந்து 1712 வரைக்கும் ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஹாஜி. 'பஞ்சபாஷா விலாஸ நாடகம்' என்று ஒன்று எழுதினார். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் ஐந்தும் அதில் உண்டு. கிருஷ்ணனை விரும்பி வெவ்வேறு தேசத்து இளவரசிகள் வருகிறார்கள். ஒவ்வொருத்தியும் அவளவள் மொழியில்தான் பேசுவாள். இன்றைக்கு அதை சினிமாவாக எடுத்தால் டப்பிங்கில் எல்லாரையும் ஒரே மொழி பேச வைத்துவிடுவோம். அன்றைக்குத் தஞ்சாவூர்த் தெருவில் அத்தனை மொழியும் நடமாடின; மேடையிலும் நடமாடட்டும் என்று விட்டுவிட்டார். ராஜாவின் தாய்மொழி மராத்தி என்பதால் மற்ற மொழிக்காரிகள் கோமாளிகள் என்று ஆக்கவில்லை. எல்லாரும் இளவரசிகள்தான்.

இந்த இடத்தில்தான் இன்றைய ரீல்ஸ் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பதால் ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கிறேன் என்று கணக்கு கிடையாது. தமிழ்-இந்தி கலப்பட காமெடி இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில், நம் ஆள் தப்புத்தப்பாக இந்தி பேசி மாட்டிக்கொள்கிறான். அவனைப் பார்த்து நாமும் சிரிக்கலாம், இந்திக்காரரும் சிரிக்கலாம். இன்னொன்றில், வாயில் பாக்கு, தோளில் ஒரு பை, உடைந்த தமிழ் என்று ஒருவரை நிற்க வைத்து, அவர் தமிழில் பேசத் தடுமாறுவதே ஜோக். இதில் சிரிக்கப்படுகிற ஆள் கூடச் சேர்ந்து சிரிக்க வழியே இல்லை. வேற்று மொழியைக் கற்றுக்கொள்ள முயற்சி செய்தது மட்டும்தான் அவர் செய்த குற்றம். விமான நிலையத்தில் நம்மை ஒரு மொழி தெரியாததற்காகக் கேள்வி கேட்டால் பனியன் அடித்து விடுகிறோம். சிட்கோ வாசலில் நம் மொழியை அரைகுறையாகப் பேசுகிறவரை வைத்து ரீல் போடுகிறோம். எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.

'பையா' என்ற ஒரே சொல்லில் இந்த உதைப்பு முழுசாக இருக்கிறது. இந்தியில் பையா என்றால் அண்ணன். மரியாதைச் சொல். தமிழில் பையா என்றால் டேய் பொடியா என்று அர்த்தம். எங்க ஊரில் வடமாநிலத் தொழிலாளர் எந்த வயதுக்காரராக இருந்தாலும் 'பையா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவர் எந்த மொழிப் பையாவைச் சொல்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம். 45 வயது கட்டிங் மாஸ்டர் ஒருவரை 20 வயதுப் பையன் ஒருவன் 'ஏ பையா' என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அவர் காதில் 'அண்ணா' என்று விழுந்ததா, 'பொடியா' என்று விழுந்ததா தெரியாது. திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

'தோடா'வும் இப்படித்தான். இந்தியில் 'கொஞ்சம்'. நம் சினிமாத் தமிழில் அது பெரிய நக்கல். புதிதாக வந்த ஒருவர் பணிவாக, "தோடா… தோடா டைம்" என்று கேட்டதும் லைனில் இருந்த பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து சூப்பர்வைசர் வேலையை விரட்டும்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே ராகம் போட்டு 'தோடாஆஆ' என்கிறார். இரண்டு அர்த்தத்தையும் தெரிந்துகொண்டு சொல்கிறார். ஃபொலெங்கோ செய்தது இதுதான்.

ஒட்டு தெரிந்தால் காமெடி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒட்டை மறைத்தால் என்ன ஆகும் என்று 2023 மார்ச்சில் திருப்பூர் பார்த்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் தலைப்பு போட்டு வீடியோக்கள் பரவின. அப்போது டி.ஜி.பி-யாக இருந்த சைலேந்திர பாபு, பரவிய வீடியோக்களில் இரண்டைப் பற்றி விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்ட பழைய சம்பவம். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. யோசித்துப் பாருங்கள்! கோவைக்காரர்கள் போட்டுக்கொண்ட சண்டைக்கு மேலே நாலு வரி இந்தி ஒட்டியதும், அடிபடுகிறவர் பீகார்க்காரர் ஆகிவிட்டார்.

படம் ஒரு ஊர், எழுத்து இன்னொரு மொழி. நாங்கள் தினமும் மீம் செய்கிற அதே டெக்னிக். வடிவேலு படத்துக்கு மேலே ஆபீஸ் மேனேஜர் வசனம் போட்டால், அது வடிவேலு என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் சிரிப்பு வருகிறது. இங்கே கீழே இருப்பது யார், என்ன பேசுகிறார்கள் என்று பாட்னாவில் போனைப் பார்க்கிற அம்மாவுக்குத் தெரியாது. அவர் மகன் முதலிபாளையத்தில் இருக்கிறான். அவ்வளவுதான் தெரியும். போன் போட்டு 'உடனே வந்துடு' என்று அழுதார்கள். மார்ச் 8-ம் தேதி ஹோலி. திருப்பூர் ரயில் நிலையத்தில் நின்ற கூட்டத்தில் பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்தது. போலீஸும் கம்பெனிகளும் இந்தியிலேயே தொழிலாளர்களிடம் பேசிப் பேசித்தான் பயத்தை இறக்க முடிந்தது. 'போடா' பனியன் அடித்த ஊர், 'இருங்க, போகாதீங்க' என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தது.

அந்த நாள்களில் எனக்கு அந்த சூப்பர்வைசர் அக்காவின் 'ஜாத்தா ஹை' ஞாபகம் வந்தது. அவர் லைனில் எல்லாரும் இருந்தார்களாம். வாட்ஸ்அப்பில் வந்ததை அவரிடமே கொண்டுபோய்க் காட்டி, "அக்கா, ஏ சச் ஹை க்யா?" என்று கேட்டிருக்கிறார்கள். "டேய், இது பொய் ஹைடா" என்றாராம். 'ஹைடா'! இதுவும் எந்த இலக்கணத்திலும் கிடையாது.

ஒரே ஒரு விஷயம் அந்த 2020 பனியனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது கொங்கு நாட்டில் தயாராகியிருக்கலாம், ஆனால் வாசகம் நிச்சயமாக எங்க ஊர் ஆள் எழுதியது இல்லை. முன்பின் தெரியாதவரை இங்கே யாரும் 'போடா' என்று சொல்ல மாட்டார்கள். திட்டுவதாக இருந்தாலும் 'போங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். எங்க ஊர்க்காரர் எழுதியிருந்தால் பனியனில் 'இந்தி தெரியாதுங்ணா' என்றுதான் இருந்திருக்கும். கோபமே தெரியாது, ஒரு பீஸ் கூட விற்றிருக்காது.

இதை வாய்விட்டுச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சிட்கோ பக்கம் டீக்கடை நடத்தும் அண்ணன் ஒன்று சொன்னார். போன மாதம் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணி. சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லாரும் டீ குடிக்க வந்திருக்கிறார்கள். கான்ட்ராக்டர் ஒருவர் அவசரமாக வந்து, ஆறு வருடமாக இங்கேயே தைக்கிற ஒரு ஒடிசாக்காரரிடம், "தம்பி, இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட் இருக்குது, இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு" என்றாராம்.

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தமிழ் தெரியாதுங்ணா" என்றிருக்கிறார்.

கான்ட்ராக்டர் விடவில்லை. தனக்குத் தெரிந்த இந்தியில் ஆரம்பித்து, கரோ, ஜாவோ, டபுள் பைசா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். இவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க இந்தியும் புரியலைங்ணா" என்று கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம்.